ஓடாத மீன்கள்

விசில் ஊதியாகிவிட்டது. பிள்ளைகளோ மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஆறுதலாக நடந்து வந்தார்கள்.

"ஓடுங்கோ! மீன் எங்கையாவது நடக்குமோ? ஓடுங்கோ!" என்று கத்தியபடி ஜெசிதா டீச்சரும் அவர்களோடு ஓடினாள்.

குருநகரில் கடலோரமாக இருக்கும் முன்பள்ளி அது. விளையாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவள் ஜெசிதாதான். மைதானத்தின் நடுவில் ஐந்து வயதுத் தனுஷா வோக்கரைப் பிடித்தபடி நிற்பாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் வலு இல்லை. கைகள் மட்டும் பொல்லாத கைகள். தடியில் கட்டிய வலை மிதப்பு ஒன்று அவளிடம் இருக்கும். மற்றப் பிள்ளைகள் மீன்கள். மிதப்பு மேலில் படாமல் வளைந்து நெளிந்து அந்தப் பக்கம் ஓடிவிட வேண்டும். ஓடுகிற பிள்ளைகளுக்கு வேகம் வரும், தனுஷாவும் எல்லோருக்கும் நடுவில் நிற்பாள்.

ஆனால் மீன்கள் நடந்தன. தனுஷா சாவகாசமாக ஒவ்வொருவரையும் தட்டினாள். தட்டு வாங்கியவர்கள் சந்தோசமாகச் சிரித்தார்கள்.

மதிலில் சாய்ந்து நின்ற மரியரட்ணம் தொண்டையைச் செருமினார். வள்ளங்களும் வலைகளும் வைத்திருக்கும் சம்மாட்டி, பெற்றோர் சங்கத் தலைவரும் அவரே.

"குறை நினையாதையுங்கோ டீச்சர். உந்தப் பிள்ளை ஓடாமல் நிக்கிறதைப் பாத்துத்தான் மற்றதுகளும் ஓடுதில்லை. சனிக்கிழமை விளையாட்டுப் போட்டிக்கு ஊரே வரும். அவளை மேடையிலை கதிரையிலை இருத்துவம். விருந்தினருக்கு மாலை போடட்டும்."

"அவள் மாலை போட வரேல்லை, சம்மாட்டியார். விளையாட வந்தவள்."

"அப்ப மற்றதுகளை ஓடப் பண்ணுங்கோ. இல்லாட்டில் கதிரைதான்."

"நன்றி, சம்மாட்டியார்," என்றாள் ஜெசிதா.

ஏசினாலும் நன்றி சொல்கிற பழக்கம் அவளுக்கு. காரணம் இருந்தது. அச்சுவேலித் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து இங்கே கல்யாணம் முடித்து வந்தவள். மாரிக்காலத்தில் சிக்குன்குனியா வந்து கால் ஊன்ற முடியாமல் படுத்தபோது, இந்தத் தெருவே மாறி மாறிச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. பிள்ளைகள் தாய்மாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தச் சனத்தின் முன்னால் தனுஷாவைக் கதிரையில் இருத்துவது, வாங்கிய சோற்றுக்குச் செய்யும் துரோகம் என்று அவளுக்குப் பட்டது.

பயம் வந்தால் பிள்ளைகள் ஓடத்தானே வேண்டும்? அடுத்த நாள் சந்தையில் உயிர் நண்டு ஒன்று வாங்கி வந்து, அவர்களுக்குப் பின்னால் விட்டாள்.

அச்சுவேலிப் பிள்ளைகள் என்றால் ஓடியிருக்கும். குருநகர் றோய் குனிந்து நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினான்.

"சதை இல்லை டீச்சர். உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

அவன் கீழே விட்ட நண்டு நேரே ஜெசிதாவை நோக்கி வந்தது. அவள் ஓடிப்போய் வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றாள். அன்று ஓடியவர்கள் இரண்டே பேர், அவளும் நண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி முயற்சி. மரியரட்ணத்திடம் பழைய வலை ஒன்று கேட்டாள். கோபக்காரர் என்றாலும் மனுசன் உடனே கொடுத்தார். இரண்டு தகப்பன்மார் வலையை மெல்ல இழுத்து வர, பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓட வேண்டும். வழக்கம் போல டீச்சரும் கூட ஓடுவாள்.

ஆனால் வலையைக் கையில் எடுத்த குருநகரானுக்கு விளையாட்டு என்று ஒன்று உண்டா?

"அடிக்கயிறு தூக்குது, அமத்திப் பிடி!"

"அந்தப் பக்கம் வளைச்சு வா! விடாதை!"

வீதியால் போனவர்களும் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பிள்ளைகளோ ஜெசிதாவைச் சுற்றிக் கூட்டமாக நடந்தார்கள். வலை எல்லோரையும் வளைத்து மூடியது.

"குஞ்சுகளை விடுங்கோடா!" என்று மரியரட்ணம் பழக்கதோசத்தில் கத்தினார்.

தகப்பன்மாரும் பழக்கதோசத்தில் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வெளியே விட்டார்கள். கடைசியில் தலைமுடி கண்ணியில் சிக்கியபடி, வலைக்குள் மிஞ்சியது ஜெசிதா மட்டும்தான்.

"ஒண்டுதான் பட்டிருக்கு. ஆனால் பெருசு!" என்றது ஒரு குரல்.

வலையோடு விழுந்த வேகத்தில் அவளுடைய முழங்கால் வீங்கிவிட்டது. பின்னேரம் தனுஷாவின் தாய் மீன் சொதியோடு வந்து காலடியில் இருந்தாள்.

"அவளைக் கதிரையிலை இருத்தினாலும் பறவாயில்லை டீச்சர். நீங்கள் பட்ட பாடு காணும். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

ஜெசிதாவுக்குச் சொதி இறங்கவில்லை. இப்படி நன்றி சொல்லும்படி தான் என்ன செய்துவிட்டோம் என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை மேடையில் அந்தக் கதிரை போட்டிருந்தது. நொண்டி நொண்டி வந்த ஜெசிதாவைக் கண்டதும் மரியரட்ணம் பதறி ஓடிவந்து, கைபிடித்து அதிலேயே இருத்தினார்.

"சம்மாட்டியார், ஒருக்கா விளையாட விடுங்கோ. ஒரேயொருக்கா. பிறகு நீங்கள் சொன்னபடி செய்யிறன்."

அவளுடைய முகத்தைப் பார்த்து மறுக்க அவரால் முடியவில்லை. "சரி, நடந்தாலும் நடக்கட்டும்," என்றார்.

இருந்த இடத்திலிருந்தே ஜெசிதா விசிலை ஊதினாள். ஊதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சனம் ஆரவாரித்த சத்தத்தில்தான் திறந்தாள். பிள்ளைகள் பறந்தார்கள்! றோய் குனிந்து மிதப்புக்குக் கீழால் நழுவினான். இன்னொருத்தி துள்ளித் திரும்பிச் சுழன்று தப்பினாள். நடுவில் தனுஷா வோக்கரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, பிந்தியவர்களை விளாசினாள். இரண்டாம் முறை விசில் ஊதியதும் இன்னும் வேகமாக ஓடினார்கள். மரியரட்ணம் சால்வையைச் சுழற்றிக் கத்தினார். தனுஷாவின் தாய் அழுதாள்.

ஜெசிதா மாதாவுக்கு நன்றி சொன்னாள். மரியரட்ணத்துக்குச் சொன்னாள். வீங்கிய முழங்காலைத் தவிர எல்லாருக்கும் சொன்னாள்.

மரியரட்ணத்துக்குப் பொறுக்கவில்லை. தனுஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்தார்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு கெதியா ஓடுறவையள் இவ்வளவு நாளும் ஏன் நடந்தவையள்?"

"காய்ச்சலுக்குப் பிறகு டீச்சருக்குக் கால் ஏலாதெல்லே, பாவம், அவவையும் சேர்த்து விளையாட வேணுமெண்டு நான்தான் எல்லாரையும் மெல்லமாப் போகச் சொன்னனான்," என்றாள் தனுஷா.