பத்து நாள் மேதை

பத்து நாள் மேதையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. ஒரு தொழிலைப் பற்றி அட்சரம் தெரியாதவராகத் திங்கட்கிழமை காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அதே தொழிலில் முப்பது வருடம் முழங்கால் தேய்ந்தவர்களைப் பார்த்து, 'எல்லாரும் தப்பாப் பண்ணுதாங்க சார்' என்று உச்சுக்கொட்டிக்கொண்டு திரும்பி வருபவர் யாரோ, அவர்தான். தேனீ வளர்ப்பில் இருப்பார். யோகாவில் இருப்பார். கேக் சுடுவதில் இருப்பார். பங்குச் சந்தையில் கூட்டம் கூட்டமாக இருப்பார். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது டைல்ஸ் ஒட்டுவதில் இருக்கிறார்.

இவரைக் கண்டுகொள்வது சுலபம். சான்றிதழ் வைத்திருப்பார். அதில் என்ன தப்பு என்று சண்டைக்கு வராதீர்கள். என்னிடமும் இரண்டு இருக்கின்றன, பரணில் கிடக்கின்றன. மேதையின் சான்றிதழ் பரணுக்குப் போகாது. அது லேமினேஷன் செய்யப்பட்டு, வண்டிப் பெட்டியில் குடியிருந்து, செல்போனில் முகப்புப் படமாக நின்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் மூக்குக்கு நேராக நீட்டப்படும். அப்புறம் அவருடைய பேச்சு. எந்த வாக்கியத்தையும் 'முறைப்படி பாத்தா' என்று சொல்லாமல் அவரால் தொடங்க முடியாது. முறைப்படி பார்த்தால் உங்கள் வீட்டுச் சுவரே தப்பு. முறைப்படி பார்த்தால் உங்கள் வீடு நிற்பதே தப்பு. பாவம், அந்த வீடும் ஐம்பது வருடமாக முறை தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் தெரு கிங்ஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வயது. தங்கமான பையன், யார் வீட்டு விசேஷத்துக்கும் நாற்காலி போட முதல் ஆளாக வந்து நிற்பான். முதலில் பதினைந்து நாள் செல்போன் பழுது பார்க்கப் படித்தான். அடுத்து ஒரு வாரம் கண்காணிப்பு கேமரா மாட்டப் படித்தான். மூன்று நாள் ட்ரோன் பறக்கவிடப் படித்தான். அந்த ட்ரோன் இன்னமும் எங்கள் தெருப் புளியமரத்தில்தான் இருக்கிறது. கடைசியாகப் பத்து நாள் டைல்ஸ் பயிற்சி. முடித்த மறுநாளே வண்டியில் ஸ்டிக்கர் ஏறிவிட்டது: 'கிங்ஸ்லி டைல்ஸ். முறைப்படி பயின்றவர்.'

அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்று அவனே எனக்குப் பெருமையாகச் சொன்னான். ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மொத்தம் நாற்பது டைல்ஸ். காலையில் வரிசையாக அடுக்க வேண்டும், நூல் பிடிக்க வேண்டும், ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், சாயங்காலம் ஒன்று உடையாமல் எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். ஏன் என்றால் அடுத்த குழுவுக்கும் அதே நாற்பதுதான்.

"அப்போ கலவை?" என்று கேட்டேன்.

"கலவைக்கு வீடியோ காட்டினாங்க சார்" என்றான்.

சரி, இவனை எதற்கு வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறீர்களா? அனுபவம் உள்ளவரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? அது தனி ஜாதி. எங்கள் பக்கத்தில் மாடக்கண்ணு என்று ஒருவர், டைல்ஸில் இருபத்திரண்டு வருட அனுபவம். அவருடைய முதல் குணம், வரமாட்டார். 'நாளைக்கி வாரேன்' என்பார். எந்த வருடத்து நாளை என்று சொல்லமாட்டார். இரண்டாவது குணம், வந்தால் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் 'பாத்துக்கிடலாம்.' எத்தனை நாளில் முடியும்? பாத்துக்கிடலாம். வெள்ளையா, சாம்பல் நிறமா? பாத்துக்கிடலாம். பத்து நாள் மேதையோ கூப்பிட்ட குரலுக்கு வருவார், கேட்காததற்கும் பதில் சொல்வார். நம்மைப் போன்ற அவசரக்காரர்கள் யாரிடம் போவோம்?

என் அடுத்த வீட்டு சாலோமி டீச்சருக்கும் அவசரம்தான். முப்பத்தோரு வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் அப்பாத்துரை சாருக்கு முழங்கால் மூட்டு மாற்றி, ஊன்றி நடக்க ஒரு வாக்கரோடு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "மூட்டு நல்லா அமைஞ்சிருக்கு. ஆனா பாத்ரூம்ல ஒரு தடவ வழுக்குனா அம்புட்டும் வீணாப் போயிரும்மா" என்று எச்சரித்திருந்தார். டீச்சர் வீட்டுப் பழைய குளியலறையில் பாசி பிடித்த தரை. நல்ல கால் உள்ளவர்களே கர்த்தரை அழைத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அதைப் பெயர்த்துவிட்டு, சனிக்கிழமைக்குள் வழுக்காத டைல்ஸ் போட்டாக வேண்டும். மாடக்கண்ணு 'நாளைக்கி' என்றார். கிங்ஸ்லி அன்றைக்கே வந்துவிட்டான். அவன் ஐந்தாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவன் வேறு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. புதன்கிழமை காலையில் டீச்சர் என்னையும் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, கண்ணைப் பறித்தது. ஒரு டைல்ஸுக்கும் அடுத்த டைல்ஸுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி இடைவெளி. கிங்ஸ்லி ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்துக் காட்டினான்.

"பாருங்க டீச்சர். எங்கன வேணாலும் வச்சுப் பாருங்க. குமிழி அசையாது."

டீச்சர் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

தண்ணீரும் அசையவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது. மூலையில் ஓட்டை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. அந்தப் பக்கம் போவதாகத் தண்ணீருக்கு உத்தேசமே இல்லை.

"ஏல கிங்ஸ்லி, தண்ணி ஏன் போவ மாட்டேங்குது?"

"முறைப்படி பாத்தா டீச்சர், தரை அம்புட்டு மட்டமா இருக்கு."

"அது தெரியுது. தண்ணி ஏன் போவல?"

"புதுத் தரைல்லா டீச்சர். ரெண்டு நாளு பழகிச்சின்னா..."

"யாரு, தண்ணியா?"

கிங்ஸ்லி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"குளியலறைத் தரைன்னா ஓட்டையப் பாக்கச் சரிவா, வாட்டமா இருக்கணும்னு உனக்கு அங்க சொல்லித் தரலையா?"

"அது கல்யாண மண்டபம் டீச்சர். அங்கன ஏது ஓட்டை?"

யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறதா இல்லையா? பத்து நாளும் மட்டம்தான் புண்ணியம், சாய்வுதான் பாவம் என்று படித்தவன், குளியலறையிலும் புண்ணியம் செய்துவிட்டான். ஒன்றும் படிக்காதவன்கூட இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். கை நடுங்கி எந்தப் பக்கமாவது சாய்த்திருப்பான். இவ்வளவு சுத்தமான தப்பைச் செய்ய முறைப்படி படித்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த நிமிடம் சிரிப்பு வரவில்லை. டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோப்புத் தண்ணி இதுல நின்னா அவுக வாக்கரை எங்க ஊனுவாக, அண்ணாச்சி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

கிங்ஸ்லி மட்டும் விடவில்லை. ஒரு ரப்பர் தள்ளுகட்டை வாங்கி வைத்தால் போதும் என்றான். ஓட்டையின் வாயைப் பெரிதாக்கலாம் என்றான். முறைப்படி பார்த்தால் உட்கார்ந்து குளிப்பதே நல்லது என்றான்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்தாம் வகுப்புக் குரல் வந்தது.

"கிங்ஸ்லி. நேரா நில்லு. 'எனக்குத் தெரியல டீச்சர்'னு சொல்லு."

"இல்ல டீச்சர், முறைப்படி..."

"சொல்லு."

இருபத்தெட்டு வயது ஆண்மகன், வாட்ஸ்அப்பில் நானூறு பேர் பார்க்கும் சான்றிதழுக்குச் சொந்தக்காரன், கையைக் கட்டிக்கொண்டு, தொண்டையை இரண்டு தடவை கனைத்து, கடைசியில் சொல்லிவிட்டான். "எனக்குத் தெரியல டீச்சர்." சொன்ன பிறகு அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், பல் பிடுங்கி முடித்தவனுக்குத்தான் அப்படி இருக்கும். அதற்கப்புறம் அவனே செல்போனை எடுத்தான். "மாடக்கண்ணு அண்ணனையே கூப்பிட்டிருவோம் டீச்சர்."

மாடக்கண்ணு வழக்கம்போல் 'நாளைக்கி' என்றார். டீச்சர் போனை வாங்கினார். "மாடக்கண்ணு, ஒம் மக பெருக்கல் வாய்ப்பாடு யாருட்டப் படிச்சா?" என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் ஆள் வாசலில் நின்றார்.

வந்தவர் என்ன சொன்னார்? அனுபவஸ்தர்கள் எல்லோரும் சொல்வதைத்தான். கொத்தனாரோ, எலக்ட்ரீஷியனோ, பல் டாக்டரோ, உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர்கள் வாயில் முதலில் வருவது ஒன்றே ஒன்று.

"இது எவன் பாத்த வேல?"

"நான்தாண்ணே" என்றான் கிங்ஸ்லி.

மாடக்கண்ணு குத்தவைத்து உட்கார்ந்து தரையைத் தடவினார். "மட்டம்னா இதாம்ல மட்டம்" என்றார். அப்புறம், "பேத்துருவோம்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் இருவரும் சேர்ந்து பெயர்த்துவிட்டு, வாட்டமாகத் திரும்ப ஒட்டினார்கள். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாட்டம் எவ்வளவு விடணும் என்று கிங்ஸ்லி நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டால், 'தண்ணி போற அளவுக்கு' என்பார் மாடக்கண்ணு. அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. ஆனால் மூலையில் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்கு நேராக டைல்ஸில் வட்டமாகத் துளை போட வேண்டி வந்தபோது, அனுபவஸ்தர் கொஞ்சம் தயங்கினார். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் அவர் டைல்ஸை உடைத்து, வெள்ளைச் சிமெண்டை அப்பி, 'பாத்துக்கிடலாம்' என்று சமாளித்துவருகிறாராம். கிங்ஸ்லி மெஷினை எடுத்தான். அரை நிமிடத்தில் முழு நிலா மாதிரி ஒரு துளை.

மாடக்கண்ணு அதற்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"இத எங்கலே படிச்ச?"

"மூணாம் நாளு சொல்லிக் குடுத்தாங்கண்ணே."

அடுத்த டைல்ஸுக்குக் கலவையைப் பூசிக்கொண்டே, என் காதில் விழாது என்று நினைத்து அவர் கேட்டார்: "மூணாம் நாளு மட்டும் போனா சேத்துக்கிடுவாங்களாலே?"

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாத்துரை சார் வந்தார். வாக்கரை ஊன்றி, ஒவ்வோர் அடியாக உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. டீச்சர் கதவுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. தண்ணீர் கடகடவென்று ஓட்டையில் இறங்கியது. உள்ளே இருந்து சார் தேவாலயத்து ஞானப்பாட்டு ஒன்றை உச்ச ஸ்தாயியில் பாடத் தொடங்கினார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுபம் என்று எழுந்து போய்விடாதீர்கள். மறுவாரம் நாங்குநேரியில் என் மைத்துனன் சிவசைலம் புதுவீடு கட்டியிருப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றியதும் குனிந்து டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தேன். உச்சுக்கொட்டினேன். டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் தரையில் ஊற்றினேன். "தண்ணி நிக்குதேப்பா! முறைப்படி பாத்தா வாட்டமே இல்லையே!" என்றேன்.

சிவசைலம் பவ்யமாகச் சொன்னான்: "அத்தான், இது ஹாலு. இங்கன யாரு குளிக்கப் போறா?"

ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாள் வேடிக்கை பார்த்ததற்கே எனக்கு இந்தக் கதி. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதை இதுவரை படிக்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், நாள்கூட இல்லை, நிமிடம். அதற்குள் மட்டம் வேறு வாட்டம் வேறு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து எந்த வீட்டுக் குளியலறைக்குப் போனாலும் நீங்கள் சும்மா வரப்போவதில்லை. சரி, ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? என்ன, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையா?

வணக்கம், மேதையே.