மூக்கண்ணனின் மூலை வீடு

மொட்டைக் கடிதம் எழுதி ஒருவரின் வீட்டைப் பறித்தவன் நான். அதுவும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஈடு கிடைக்காத ஒரு மூக்குக்குச் சொந்தக்காரரின் வீட்டை.

செரண்டா பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மூக்கண்ணன், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக் கொட்டகைக்காரர். ஷீட் பதமாகிவிட்டதா என்று மோந்தே சொல்லிவிடுவார். நான் ஆபீஸ் திருப்பத்தில் வரும்போதே, "கிராணியாரோட தலை கிரீம் வந்திருச்சு, அவரும் பின்னால வருவாரு" என்பார். என் மனைவிகூடக் கருவாட்டை அவரிடம் நீட்டிய பிறகுதான் வாங்குவாள். படித்தவனான என்னிடம் யாரும் எதையும் நீட்டியதில்லை.

எண்பதுகளில் ஆலையை இடித்து, வரிசை வீடுகளோடு தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். என் ஆபீஸை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு முதல் உரிமை. எந்த வீடு என்பது குலுக்கலில்.

குலுக்கல் முடிந்ததும் எல்லாரும் மூக்கண்ணன் பின்னால் ஓடினார்கள். அவர் ஒவ்வொரு மனையிலும் மண்ணை அள்ளி மோந்து பலன் சொன்னார். என் மனைக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ கிராணியாரே, இது ஆசிட் தொட்டி இருந்த எடம்லா! புல்லுகூட யோசிச்சுத்தான் முளைக்கும்."

ஒரே சிரிப்பு. அவருக்கு விழுந்ததோ மூலை வீடு. பழைய புகைக் கொட்டகை நின்ற அதே இடம், மூன்று பக்கமும் காற்று.

எனக்கு வயிறு எரிந்தது. 'இவர் நிரந்தரத் தொழிலாளி அல்ல, காண்ட்ராக்ட் ஆள்' என்று வீடு விற்கும் அலுவலகத்துக்கு அன்றே பெயரில்லாமல் எழுதிப் போட்டேன். சுத்தப் பொய். அவருடைய வேலைப் பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. மூலை வீடு வேறொருவருக்குப் போனது.

மறுவாரம் மூக்கண்ணன் என் மேசை முன் நின்றார்.

"வீட்டுக்கு அப்பீல் எழுதணும் கிராணியாரே. நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நானே போய், அந்தக் கடிதம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மிச்சமிருந்தது ஒரே வீடு. என் வீட்டுக்கு அடுத்தது. ஆசிட் தொட்டியின் மறுபாதி.

அவர் குடிவந்த அன்று வேலியோரம் நின்று, "அண்ணே, அந்த மொட்டைக் கடிதம்..." என்று இழுத்தேன்.

"தெரியும்லா. வீடு போன அன்னிக்கே அந்த ஆபீஸ்ல காட்டுனாங்க, மோந்து பாத்தேன். ஒரே கிரீம்!"

"அப்புறம் ஏன் என்கிட்டயே அப்பீல் எழுத வந்தீங்க?"

"நீங்க எழுதிப் போன வீடு. நீங்க எழுதினாத்தானே திரும்பி வரும்?"

அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. என் தலையில் இப்போது ஒரு முடிகூட இல்லை. காலையில் வேலியோரம் போகுமுன் மட்டும், அதே கிரீமைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்கிறேன்.