சீர் மாட்டுக்கு முதல் பந்தி

கோபாலபுரத்துக்கு மேற்கே, நம் தோட்டம்
ஆனந்த வருஷம், கார்த்திகை மாதம்

மேன்மை தங்கிய மச்சான் குப்பண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை செல்லாத்தாளும் எருதுகள் இரண்டும் எருமையும் சௌக்கியம். எங்கள் புது வீட்டுக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த மயிலைப் பசு எங்கள் எல்லோரையும்விடச் சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குடிபுகுந்த அன்று ஒரு கையில் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மேய்ச்சல் காட்டைக் காட்டித் தாங்கள் சொன்னது நினைவிருக்கும். "மாப்பிள்ளை, காட்டை நாலாப் பிரிச்சுக் கிளுவை வேலி போடுங்க. ஒண்ணுல மாடு மேஞ்சா மூணு சும்மா கெடக்கோணும். நாலாவதைச் சித்திரை வரைக்கும் தொடவே கூடாது. கொழுக்கட்டைப் புல்லு வெதை கொட்டட்டும்" என்றீர்கள். நானும் வேலி போட்டு, நாலு வாசலுக்கும் மூங்கில் படல் கட்டி, முதல் காட்டில் எருதுகளையும் எருமையையும் விட்டுவிட்டு, பின்னாலேயே மயிலையையும் ஓட்டினேன். செல்லாத்தாள் வந்து வழியை மறித்துக்கொண்டாள். "ஏனுங்க, எருமை வாய் வெச்ச புல்லை எங்கண்ணன் குடுத்த மாடு திங்கோணுமா? எச்சையில்லீங்களா?" என்றாள். "புல்லுக்கு ஏது அம்மிணி எச்சை?" என்றேன். "நீங்க எங்கண்ணன் ஊட்டுக்குப் போனா ரண்டாம் பந்தியில உக்காருவீங்களா?" என்றாள். தங்கள் வீட்டில் நான் ஒருநாளும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்ததில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் எருமையையும் எருதுகளையும் வெளியே ஓட்டிவிட்டு மயிலையை முன்னால் விட்டேன்.

அன்றிலிருந்து மயிலைக்கு முதல் பந்தி, மற்றவற்றுக்கு இரண்டாம் பந்தி. மயிலையும் ஒழுங்காக மேய்கிற ஜாதி இல்லை. புல்லின் குருத்தை மட்டும் ஒரு கடி, நரிப்பயத்தங்கொடியில் நாலு இலை, அப்புறம் அடுத்த காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சும்மா பார்க்கும், அவ்வளவுதான். "பாவம், பாக்குது பாருங்க" என்று சொல்லி இவள் அடுத்த படலைத் திறந்துவிடுவாள். என் எருதுகள் முதல் காட்டில் பாதி மேய்வதற்குள் மயிலை மூன்று காட்டையும் ருசி பார்த்துவிட்டது. ஒரு காட்டுக்கும் ஓய்வில்லை. பொறுக்க முடியாமல், ஊர் மேயும் மாட்டுக்குக் கட்டுகிற தொண்டுக்கட்டையை அதன் கழுத்தில் கட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டை ஆட்டுக்கல் பக்கத்தில் கிடக்கிறது. "எங்கண்ணன் மாடு என்ன, திருட்டு மாடுங்களா?" என்கிறாள்.

மிச்சம் நாலாவது காடுதான். மச்சான், அந்தப் புல் இல்லையென்றால் கோடையில் என் எருதுகளுக்குப் போட ஒன்றுமில்லை. எருதை விற்றுவிட்டு நுகத்தில் நானா நிற்க முடியும்? ஆகவே ஒரு பொய் சொன்னேன். படலில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டி, மாரியாத்தாள் கனவில் வந்து இந்தக் காட்டைச் சித்திரை வரைக்கும் தனக்கென்று கேட்டாள் என்றேன். செல்லாத்தாள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். செல்லாத்தாள் காதில் விழுவதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் வாய்வழியாக ஊருக்கே போய்விடும் என்பதை நான் மறந்தேபோனேன்.

வெள்ளிக்கிழமை தப்பட்டைச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், பழனாத்தாள் திரட்டிய ஊர் முன்னால் வருகிறது, பூசாரி கோயில் காளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார். "ஆத்தா காட்டுப் புல்லுக்கு ஆத்தா காளைதானுங்க மொத பந்தி" என்றார். பொய் என்னுடையது, நான் என்ன பேச முடியும்? தேங்காய் உடைத்து, என் கையாலேயே படலைத் திறந்துவிட்டேன். காளை நுழைந்தது. சீர் மாட்டை யார் தடுப்பார்கள், மயிலையும் நுழைந்தது. கதவு திறந்திருக்கிறதே என்று எருதுகளும் எருமையும் நுழைந்தன. காளைக்கும் எருமைக்கும் ஏதோ மனஸ்தாபம், இந்த வேலி வழியாகப் போய் அந்த வேலி வழியாக வந்தன, நாலு காடும் ஒரே காடாகிவிட்டது. தப்பட்டைக்காரர் பயந்து வெள்வேல மரத்தில் ஏறிவிட்டார். ஏற விட்ட முள் அவரை இறங்க விடவில்லை. பொழுது சாய்வதற்குள் புல்லும் விதையும் குளம்படியில் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன.

ஆக, யோசனையும் தாங்கள் கொடுத்தது, மாடும் தாங்கள் கொடுத்தது, இரண்டும் ஒரே காட்டில் வாழாது. யோசனையை வண்டியில் ஏற்ற முடியாது. ஆகையால் வருகிற புதன்கிழமை கயிறும் வண்டியுமாகக் கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்டுக்கு வந்து மயிலையைக் கூட்டிப் போகவும். சீர் மாட்டைத் திருப்பினால் ஊர் என்ன பேசும், செல்லாத்தாள் எப்படி அழுவாள் என்பதெல்லாம் தெரியும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை, மச்சான்.

அக்காளுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் பட்டியில் பால் வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள
அப்புசாமி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. தபாலுக்குப் போக முடியாமல் கடிதத்தைக் கூரை எறவாரத்தில் செருகிவைத்தேன், புதன்கிழமையும் போய்விட்டது. இன்று வெயில் அடித்தது, போய்ப் பார்த்தேன். மாடுகள் மிதித்துப் புதைத்த விதையெல்லாம் நாலாவது காட்டில் அடர்ந்து முளைத்திருக்கிறது. வேலியும் புதிதாக ஊன்றியிருந்தது. மயிலை படலண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா பார்த்தது, அவ்வளவுதான். பக்கத்தில் யாருமில்லை. ஒரு வாய்தானே என்று படலைத் திறந்துவிட்டேன். திரும்பினால் செல்லாத்தாள். "ஏனுங்க, புல்லு வேர் புடிக்கட்டும், சித்திரையில தொறக்கலாம்னு நானே வேலி ஊனிப் படலைக் கட்டி வெச்சனுங்க. மயிலையைக்கூட உடலை. நீங்களா தொறந்து உட்டீங்க?" என்றாள். "பாவம், பாத்துது" என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "எறவாரத்துல செருகி வெச்சிருக்கற கடுதாசியில இதையும் எழுதி எங்கண்ணனுக்குப் போடுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். வண்டி வேண்டாம், கயிறும் வேண்டாம். தொண்டுக்கட்டையைக் கழுவி என் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள். யார் கழுத்துக்கு என்று நான் கேட்கவில்லை.