கல்லில் இருப்பவன் வீட்டிலும் இருக்கிறான்

சேவூர், ஆரணி
14-2-2000

வந்தவாசியில் இருக்கும், எனக்குச் சம்பந்தியாக வரவேண்டிய லீலா அம்மாள் அவர்களுக்கு, சேவூர் சுபலட்சுமி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். என் மகன் குமரேசன் உயிரோடு சுகம்.

என் பேத்தி சுகன்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனீர்களே, பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்று டபராவையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுதான் தரகர் சடையப்பன் வந்து, "ஆயா, பஸ் ஸ்டாப்பாண்ட செத்துப்போன சிப்பாய்ங்க கல்லுல உங்க புள்ள பேரு கீது, மாலை வேற போட்டுகீது. மருமக என்னடான்னா பூ வச்சிகினு வேற ஒருத்தருக்குக் காபி ஆத்திகினு கீறாங்கன்னு பேசிகிறாங்க" என்றான். எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

அம்மா, அது பாகிஸ்தான் சண்டையில் உயிர் விட்ட நம்ம ஊர்ப் பிள்ளைகள் சின்னதுரைக்கும் பவுல்துரைக்கும் வைத்த கல். கல்லை வாங்கிக் கொடுத்தது குமரேசன். கோயில் டியூப்லைட்டானாலும் பேர் போடாமல் கொடுக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கல் கொத்த வந்த சந்தவாசல்காரர் கோயில் வேலையே செய்து பழகியவர், உபயம் கொடுத்தவர் பேரைத்தான் பெரிதாக வெட்டுவாராம், அந்தப் பிள்ளைகள் பேருக்குக் கீழேயே இவன் பேரைப் பெரிதாக வெட்டி, அதற்கும் கீழே உபயம் என்று போட்டார். கல்லை நட்டவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சிமெண்டுக்குள் இறக்கிவிட்டார்கள். மேலே மிச்சம் இருப்பது செத்தவர் இருவரும் என் பிள்ளையும்.

நீங்கள் என் மருமகள் தெய்வநாயகியிடம், கல்லில் இருக்கிற குமரேசன் உனக்கு யார் என்று கேட்டீர்களாம். அவள் "எங்க வூட்டுக்காரருதாங்க" என்று பெருமையாகச் சொன்னாளாம். அந்த நேரம் பார்த்து இவன் தறியிலிருந்து எழுந்து வந்து, ஜல்தி காபி கொண்டா என்று அதட்ட, "அப்ப இவரு யாரும்மா?" என்று கேட்டீர்களாம். இப்போதுதானே சொன்னோம், புருஷன் பேரைச் சொல்லவைத்துக் கேலி பண்ணுகிறார்கள் என்று அவள் தலையைக் குனிந்து சிரித்தாளாம். அவள் தங்கமான பெண், வேறு தப்பு ஒன்றும் இல்லை. நானும் அந்தக் காலத்து அஞ்சாம் கிளாஸ், பொய் எழுதமாட்டேன்.

குமரேசன் உயிரோடுதான் இருக்கிறான் என்று தரகர் சொன்னதை நீங்கள் நம்பவில்லையாம். அதனால் இந்தக் கடிதத்தைக் குமரேசனிடமே கொடுத்து அனுப்புகிறேன். கண்ணால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் சோறும் போடுங்கள். சுகன்யாவுக்கு உங்கள் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. படவேட்டு அம்மன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், குமரேசனுக்கும்.

இப்படிக்கு,
சே. சுபலட்சுமி

பின்குறிப்பு: உபயம் தெரியட்டும் என்று குமரேசன் அந்தச் சிமெண்டைக் கொத்தப் போய் கடப்பாரையைக் காலில் போட்டுக்கொண்டான், நடக்க முடியவில்லை. ஆகவே கடிதத்தைக் கொண்டுவருவது அவன் தம்பி பாலமுருகன். இருவரும் அச்சு அசல் ஒரே ஜாடை, அன்று நீங்கள் பார்த்தது இவன் இல்லை. சந்தேகம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வசதியாகத் தெய்வநாயகியையும் அவனோடு அனுப்பிவைக்கிறேன்.