தூங்கும் கம்பியும் செப்பு வளையமும்

அந்தச் சின்ன அலுவலகத்தின் மாடிப்படி முழுக்க மைக் கம்பிகள். தோளில் சுற்றியவர்கள், கழுத்தில் போட்டவர்கள், கைக்குழந்தையைப் போல மடியில் கிடத்தியவர்கள். வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்யும் இசைக்காரர்களுக்கான மாதப் பத்திரிகை அது. வழக்கமாக அந்தப் படி ஏறுபவர் தபால்காரர் ஒருவர்தான். இன்று உள்ளே கம்பிச் சித்தர் இருக்கிறார்.

"கம்பியெல்லாம் தூங்குது. தூங்குற கம்பி வழியா வர்ற குரலுக்கு உயிர் இருக்காது" என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. அவருடைய செப்பு வளையத்தைக் கம்பியில் மாட்டி மூன்று முறை ஊதினால் அது விழித்துக்கொள்ளும். ஊதும்போது அவருடைய இடது கை ஸ்பீக்கரின் சத்தக் குமிழ்மேல் இருக்கும். ஒலியின் நாடி பார்க்கிறாராம். மாதம் தவறாமல் புது வளையம் வாங்க வேண்டும். சம்பள நாள் பார்த்துத்தான் கம்பிக்கு மறுபடி தூக்கம் வரும்.

இந்த மகானை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பத்திரிகை ஆசிரியர். இருபது வருடம் ஒலிப்பதிவில் பழகிய காது அவருடையது. மனைவியைவிட அந்தக் காதை அவர் ஒரு படி அதிகமாக நம்பினார். சென்ற இதழின் அட்டையில் 'திரை விலகியது!' என்று கொட்டை எழுத்து. உள்ளே நான்கு பக்கத்துக்கு அந்த ஒலி பட்டு, பனித்துளி, தேன் என்று வர்ணனை.

ஆசிரியரின் தங்கை துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, எட்டு மாதம் வியர்த்து ஒன்பது பாட்டுகள் பதிவு செய்திருந்தாள். சித்தர் அரை நிமிடம் கேட்டார்.

"ஒன்பதும் தூக்கத்துல பதிஞ்சது. முழுசா அழிச்சிடு. பழசு இருக்கற வீட்ல புதுக் கம்பி முழிக்காது."

"அண்ணா, கடைசிப் பாட்டுல அம்மாவும் பாடியிருக்காங்க. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பதிஞ்சது. இனிமே அம்மாவால பாட முடியாதே!"

ஆசிரியர் கண்ணை மூடித் தன் காதைக் கலந்தாலோசித்தார். "அழிச்சிடும்மா. அண்ணன் காது பொய் சொல்லாது."

தங்கையின் விரல் கணினியை நோக்கிப் போனது.

"கொஞ்சம் இரு" என்று அந்தக் கையைப் பிடித்தாள் ஆசிரியரின் மனைவி. மருத்துவமனையில் காது பரிசோதிப்பது அவள் வேலை. "ஏங்க, எங்ககிட்ட வர்றவங்கள முதுகு காட்டி உக்கார வச்சுத்தான் சத்தம் கொடுப்போம். நீங்களும் திரும்பி உக்காருங்க. நான் வளையத்தை மாட்டுவேன், கழட்டுவேன். எப்ப இருக்கு, எப்ப இல்லைன்னு சொல்லுங்க. பத்து தடவை."

"நூறு தடவை வை!" என்றார் ஆசிரியர்.

பாட்டு ஓடியது. "இருக்கு... இல்ல... ஆஹா, இப்ப இருக்கு! பட்டு மாதிரி!" சித்தரும், வாசலில் நெருக்கிய கம்பிக் கூட்டமும் முதுகு காட்டி நின்று கூடவே தலையாட்டினார்கள். ஏழு முறை இருந்தது, மூன்று முறை இல்லை.

"முடிஞ்சுது. டீயக் குடிங்க."

ஆசிரியர் மேஜை மேலிருந்த டம்ளரைத் தூக்கினார். அதன் அடியில் வளையம்.

"இது எப்ப..."

"முதல்லேர்ந்தே அங்கதான் இருக்கு. ஒரு தடவைகூட நான் மாட்டலை."

சித்தர் சிலிர்த்தெழுந்தார். "சந்தேகக் கண்ணு பட்டா கம்பி கூசும்!"

"அப்ப நான் வெளிய போயிடறேன் சாமி. நீங்களே மாட்டி ஊதுங்க. அந்த இடது கையை மட்டும் பாக்கெட்டுல வச்சுக்குங்க."

அவள் வெளியே போனாள். சித்தர் மூன்று முறை ஊதினார். பிறகு எட்டு முறை. கம்பி குறட்டை விடாத குறை. கூட்டத்தில் ஒரு டிரம் வாசிப்பவர் எட்டிப் போய்ச் சத்தக் குமிழை ஒரு மயிரிழை திருப்பினார். பட்டு, பனித்துளி, தேன் எல்லாம் வரிசையாக வந்தன!

"சத்தத்தை நைஸா ஏத்திட்டு, ஊதினதா சொன்னியா?" என்று டிரம்காரர் திரும்புவதற்குள் சித்தர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கம்பிகள் தடுக்கின. எல்லாம் நன்றாகவே விழித்திருந்தன.

தங்கை ஒன்பது பாட்டுகளையும் இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, "அண்ணா, உன் காது எப்படி இருக்கு?" என்றாள்.

"மூடிட்டு இருக்கும்மா."

அன்று மாலை அவர் மனைவியிடம், "அடுத்த இதழ் அட்டையில உன் படத்தைப் போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். வீட்ல நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதான்னு ஒரு பரிசோதனை பாக்கி இருக்கு. அதுக்கு வாங்க."

அடுத்த இதழின் தலையங்கம் சிறியது:

'போடாத வளையத்தை ஏழு முறை கேட்ட காது என்னுடையது. சொல்லப்போனால் இது முதல் முறையும் அல்ல. ஒருமுறை ஒரு பாடகியின் குரலை மாலை முழுக்க ஒரு குமிழைத் திருப்பித் திருப்பி மெருகேற்றினேன். எழுந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குமிழ் எதனோடும் இணைக்கப்படவே இல்லை. வாங்கிய வளையங்களில் சாவி மாட்டிக்கொள்ளுங்கள். இனி குமிழைத் திருப்பும் முன் அது எதனோடாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது தலையாட்டும் முன்பும் அதே சோதனையைச் செய்யுங்கள்: ஆடுகிற தலைக்குள் மூளை இணைப்பில் இருக்கிறதா?'