வாய்க்கு வந்தது கைக்கு வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை. தொட்டியில் பாத்திரங்கள் கழுத்துவரை நின்றன. கழுவுவது வீட்டுக்காரருடைய முறை. ஆறு நாளும் மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்கிற மனைவிக்கு அன்று ஒருநாள்தான் தொட்டியிலிருந்து விடுதலை. இதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று முடிவெடுத்தார் மனுஷன்.

"இன்னையிலேர்ந்து இந்த வீடு ஒரு ப்ரோக்ராம்! நான்தான் மெயின். நீ ஃபங்ஷன். நான் கூப்பிடுவேன், வேலை நடக்கும்!"

அவர் சரக்குக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவர். ஆணி அடித்தாலும் ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் கிடங்கில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். மூட்டைகளின் எடையைக் கூட்டி, லாரியின் எடையையும் சேர்த்துச் சொல்லும் ப்ரோக்ராம் ஒன்றை நாளைக்கு எழுதிக் காட்டினால் கணினி அறையில் நாற்காலி. ஏசி அறை! இல்லாவிட்டால் பழையபடி தூசி, தும்மல்.

"ஃபங்ஷன்னா என்னங்க?" என்றாள் மனைவி, சோபாவில் காலை நீட்டியபடி.

"பேரைச் சொல்லிக் கூப்பிடணும். வேண்டியதைக் குடுக்கணும். உள்ளே அது என்ன பாடுபடுதுன்னு எனக்குக் கவலை இல்ல. பதில் என் கைக்கு வரணும். அதுக்குப் பேருதான் ரிட்டர்ன்."

"உங்க ப்ரோக்ராம்ல வருதா?"

எதிரே திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்ததும் ஒலிபெருக்கியின் சத்தம் சட்டென்று இறங்கியது.

"திரையில மூட்டை எடை மொத்தம் முந்நூத்தி நாப்பதுன்னு சரியாத்தான் வருது. அதோட லாரி எடையைக் கூட்டுன்னா, ஒண்ணுமில்லாததோட எப்படிக் கூட்டுறதுன்னு சிவப்பு எழுத்துல திட்டுது. கண்ணு முன்னாடி முந்நூத்தி நாப்பது நிக்குது, ஒண்ணுமில்லையாம்! என்ன அநியாயம்!"

"சரி, என்னைக் கூப்பிட்டுப் பாருங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! "டீ!" என்றார் கம்பீரமாக.

எழுந்து போனாள். அடுப்பு எரிந்தது. மணம் கூடம் வரைக்கும் வந்தது. பிறகு சமையலறையிலிருந்து குரல்.

"டீ ரெடி! நிறம் பிரமாதம்! சர்க்கரை அளவா இருக்கு!"

காத்திருந்தார். டீ வரவில்லை.

"எங்கடி டீ?"

"அதான் ரெடின்னு சொன்னேனே."

"சொன்னா ஆச்சா? தொண்டை நனையுமா? கையில கொண்டாந்து குடுக்கணும்!"

"உங்க ஃபங்ஷன் குடுக்குதா? கடைசி வரியில என்ன எழுதியிருக்கீங்க?"

பார்த்தார். பிரிண்ட் என்று இருந்தது. திரையில் காட்டச் சொல்லியிருந்தாரே தவிர, கொடுக்கச் சொல்லவே இல்லை. பிள்ளை அப்பனைக் கொண்டு பிறந்திருந்தது! மொத்தத்தை ஊரெல்லாம் கூவிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறது.

"அடி சக்கை! உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து பாடத்தைத் திறந்து வச்சுட்டுக் குறட்டை விட்டீங்க. நான் படிச்சேன்."

அதைக் கேட்க அவருக்கு ஏது நேரம்? பிரிண்டை அழித்தார், ரிட்டர்ன் என்று அடித்தார். ஃபங்ஷனை மட்டும் கூப்பிட்டு ஓட்டிப் பார்த்தார். திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"ஐயோ! முந்நூத்தி நாப்பதையும் காணோம்! இருந்ததும் போச்சு!"

மனைவி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். நின்றபடியே குடித்துவிட்டாள்.

"அடிப்பாவி, என் டீ!"

"நான் கொண்டாந்தேன். நீங்க வாங்கல. கடையிலயும் இப்படித்தான். மாத்திரையை நீட்டிக்கிட்டே நிப்பேன், ஃபோன் பேசிக்கிட்டே போயிடுவாங்க. அப்புறம் வந்து குடுக்கலைன்னு சண்டை."

காலி டம்ளரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு வீடு அதிர்ந்தது.

"வாங்கணும்! குடுக்கறதை ஒரு பேர்ல வாங்கி வைக்கணும்!"

எடை என்று ஒரு பெயர் வைத்தார். ஃபங்ஷன் கொடுத்ததை அதில் வாங்கினார். லாரியைக் கூட்டினார். திரையில் காட்டினார். வந்தேவிட்டது! சிவப்பு எழுத்தே இல்லை! சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏசி அறை! ஏசி அறை!" என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏங்க, கூப்பிடறவங்கதானே மெயின்?"

"ஆமா ஆமா!"

"அப்ப நான் கூப்பிடறேன். பாத்திரம்!"

நாற்காலி வாங்கிக் கொடுத்தவளிடம் எந்த வாயால் மறுப்பது? தேய்த்தார், அலசினார், துடைத்தார், ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். கடைசிக் கரண்டியை நீட்டும்போது மூளை பளிச்சிட்டது.

"ரிட்டர்ன் ஆயிடுச்சு! அதோட ஃபங்ஷன் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு வரி ஓடாது. அதான் விதி!" என்று சோபாவில் போய் விழுந்தார்.

"ரொம்ப சரிங்க," என்றாள் அவள், மதியச் சமையலுக்கு ஏழெட்டுப் பாத்திரங்களை எடுத்து வைத்தபடி. "அடுத்த பாடம் லூப்பாம். தொட்டியில பாத்திரம் விழுந்துக்கிட்டே இருக்கற வரைக்கும் அதே ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடலாமாம்."