காக்கைக்கு வைத்த இலை

சர்க்கார் ஆபீசில் காலம் தள்ளியவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயத்துக்கு விதி தெரிந்துவிட்டால் அந்த விஷயமே முடிந்துவிட்டதாக நினைப்பான். எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முற்றிவிட்டது. எழுபதுகளின் தொடக்கம். டெரிலின் சட்டை, சுருள் முடி (ஆமாம், இருந்தது), எங்கே போனாலும் "இதுக்கு ரூல் என்ன தெரியுமா?" என்று கேட்கும் வாய்.

அந்த வாயால்தான் ஒரு கிழட்டு நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் கார்ப்பரேஷனின் நாய் பிடிக்கும் வண்டி நின்றிருந்தது. மற்ற நாய்கள் ஓடிவிட, ஒன்று மட்டும் ஓடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. பாதிப் பல் இல்லை. ஒரு காது கிழிசல். கம்பிச் சுருக்கு கழுத்தில் விழுந்ததும் தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்து நழுவிவிட்டு, என்னைப் பார்த்தது. நான் பேசாமல் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

"லைசென்ஸ் உள்ள நாயைப் பிடிக்கக் கூடாது, தெரியுமோ?" என்றேன்.

வண்டிக்காரர் நிமிர்ந்தார். "இன்னா சார், உன் நாயா இது? கழுத்துல லைசென்ஸ் வில்லையே காணோம்?"

"வீட்டில இருக்கு."

"நாய் ரோட்ல, வில்லை வூட்லயா? சரி, பேரு இன்னா?"

"டைகர்."

அவர் டைகரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இட்டுக்கினு போ நைனா. மறுபடி இங்க சுத்திக்கினு இருந்துச்சு, டைகர வண்டில ஏத்திடுவேன். நீ குறுக்க வந்தா உன்னியும்."

அம்மா வாசலிலேயே மறித்தாள். "அடுத்த வாரம் அப்பாவோட திவசம். இப்பத்தான் உனக்கு நாய் கேக்கறதா? கொல்லையில கிடக்கட்டும். திவசத்தன்னிக்கு யார் கண்ணுலயாவது பட்டுதோ, அன்னிக்கே தெருவுல விட்டுடணும்."

தெரு என்றால் வண்டி. அது எனக்கும் தெரியும், டைகருக்கும் தெரியும்.

திவசத்தன்று முறைப்படி ஏற்பாடு செய்தேன். கொல்லைக் கோடியில் இருந்த விறகு அறையில், துணி உலர்த்தும் கொடிக்கயிற்றால் டைகரைக் கட்டினேன். கம்பிச் சுருக்கிலேயே நழுவிய கழுத்தைக் கொடிக்கயிறு என்ன செய்யும் என்ற கேள்வி என் மூளைக்கு எட்டவில்லை. (விதி தெரிந்தவனுக்கு யோசிக்க நேரமேது?)

தி. நகரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அண்ணாவிடம் பக்தி, அண்ணா பிள்ளையிடம் அவநம்பிக்கை, வயிற்றில் பசி. ஹோமம் முடிந்தது. சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்தார். கொல்லையில் துவைக்கிற கல்லைக் கழுவி, அதன்மேல் சாதம், வடை, பாகற்காய்க் கறி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, காக்கைக்கு இலை போட்டாயிற்று. காக்கை வாய் வைத்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

"கா... கா..." என்று அம்மா கூப்பிட்டாள். தென்னை மரத்தில் இரண்டு காக்கைகள் இருந்தன. அசையவில்லை. அன்று எங்கள் தெருவில் வேறு வீடுகளிலும் திவசம் போலிருக்கிறது.

"உன்மேல ஏதோ கோபம் அண்ணாவுக்கு" என்றார் சித்தப்பா என்னிடம், வயிற்றைத் தடவிக்கொண்டே.

அப்போதுதான் விறகு அறைக் கதவு திறந்தது. அவசரமே இல்லாமல் டைகர் வெளியே வந்தது. கயிறு வரவில்லை. நேரே கல்லுக்குப் போய் முன்கால்களைத் தூக்கி வைத்து, முதலில் வடை, பிறகு சாதம் என்று நிதானமாகச் சாப்பிட்டது. "போச்சு! எல்லாம் போச்சு!" என்று சித்தப்பா விறகுக் கட்டையைத் தூக்கினார். சாஸ்திரிகள் தென்னை மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்.

அம்மா மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாகற்காய்க் கறி மூக்கால் தள்ளப்பட்டு இலை ஓரத்தில் கிடந்தது.

"கட்டையைக் கீழ போடுங்கோ. அவர்தான்" என்றாள்.

"மன்னி! அது நாய்!"

"உங்கண்ணா காத்துண்டிருந்து சாப்பிட்டு நீங்க பார்த்திருக்கேளா? முதல்ல வடை. பாவக்காய இலை ஓரத்துல. இத்தனை வருஷம் நான் எடுத்த இலை எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா சாஸ்திரிகளைப் பார்த்தார். அவருக்கு மந்தைவெளியில் இன்னொரு திவசம் காத்திருந்தது. "அம்மாவுக்குத் திருப்தின்னா சரிதான்" என்று செருப்பைத் தேடினார்.

டைகர் தப்பியது. மாட்டிக்கொண்டவன் நான். கொல்லையில் திருட்டு சிகரெட் பற்றவைத்தால், "அப்பா எதிர்லயேவா?" என்று அம்மாவின் குரல் வரும். டைகர் என்று கூப்பிடத் தடை. அம்மா மட்டும் "ஏன்னா, சாப்பிட வாங்கோ" என்பாள். அது சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா இருந்தவரை சொல்ல முடியாமல் போனதையெல்லாம் தவணை தவணையாகச் சொல்லித் தீர்த்தாள். "ஒரு நாளாவது காப்பி நன்னா இருக்குன்னு சொல்லியிருப்பேளா?" டைகர் வாலை ஆட்டும். "இதை அப்பவே பண்ணியிருந்தா என்னவாம்?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்குப் பெண் பார்த்தபோது ஜாதகத்தை அதற்கும் படித்துக் காட்டினாள். கொட்டாவி விட்டது. "அவரும் இப்படித்தான். சம்மதம்" என்று தாம்பூலம் மாற்றப் போய்விட்டாள்.

அப்படி, நாயின் கொட்டாவியால் வந்தவள்தான் என் மனைவி. எனக்கும் பாகற்காய் பிடிக்காது. இன்றும் நான் அதை இலை ஓரத்தில் தள்ளும்போது அவள் கோபித்துக்கொள்வதில்லை.

"நன்னா ஒதுக்குங்கோ" என்கிறாள். "பின்னால அடையாளம் கண்டுபிடிக்க எனக்குச் சௌகரியமா இருக்கும்."